வழி வாய்க்கால்

ரூட்டிங்கிலும் கொலியேர்ஸ் வூட்டிலும் மிச்சத்திலும் இருபது, முப்பது வருடங்களாக வாழ்ந்து வருகிறோம். கோயில் எங்கே, மரக்கறிக் கடை எங்கே, முருங்கைக்காய் எந்தக் கிழமையில் வந்திறங்கும், எந்த றோட்டில் எந்த ஊராள் இருக்கிறார் என்பதெல்லாம் எமக்குத் தெரியும். ஆனால் எமது வீடுகளுக்குப் பின்னால் ஓர் ஆறு ஓடுகிறது என்பது எம்மிற் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதைச் சுப்பர்மார்க்கெட்டின் கார்த் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஓடும் ஒரு வாய்க்கால் என்றுதான் நினைத்திருந்தோம்.

அதன் பெயர் வொண்டில். கார்ஷோல்ட்டன் குளங்களிலும் குரொய்டனின் மேற்கு ஓரத்திலும் ஊற்றெடுத்து, ஏறத்தாழ 14 கிலோமீற்றர் ஓடி, வோன்ட்ஸ்வேர்த்தில் தேம்ஸுடன் கலக்கிறது. தெற்கேயுள்ள சுண்ணக்கல் மேடுகளில் பெய்யும் மழை கல்லுக்குள் இறங்கி, நெடுநாள் கழித்துத் தெளிந்த நீராக வெளியே வருகிறது. கீரிமலைக் கேணியைப் பார்த்து வளர்ந்த எமக்கு இது விளங்காத காரியமல்ல. உலகில் இத்தகைய சுண்ணக்கல் ஓடைகள் மிகக் குறைவு. அவற்றிற் பெரும்பாலானவை இங்கிலாந்திலேயே இருக்கின்றன. வில்லியம் மொறிஸ் 1881இல் தமது சாயத் தொழிற்சாலையை மேர்ட்டனில் இந்த ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தது நீருக்காகத்தான். அதே ஆறு 1960களில் திறந்த சாக்கடை என்று சொல்லப்படும் நிலைக்கு வந்திருந்தது. பிறகு மெல்ல மெல்ல மீண்டது.

இந்தச் சிறிய ஆறு குரொய்டன், சட்டன், மேர்ட்டன், வோன்ட்ஸ்வேர்த் என்று நான்கு கவுன்சில்களின் எல்லைக்குள் ஓடுகிறது. இடையில் மோர்டன் ஹோல் பூங்கா நஷனல் ட்ரஸ்ட்டுக்குச் சொந்தம். பெடிங்ரனில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் தண்ணீர்க் கம்பனிக்குச் சொந்தம். அதற்குக் கீழே ஓடும் நீரில் பெரும்பங்கு அந்த நிலையம் சுத்தம் செய்து விடும் நீர்தான். மற்றப்படி தொழிற்சாலைச் சுவர்கள், வீட்டுத் தோட்டங்கள். கரையிலே காணி வைத்திருப்பவருக்கு ஆற்றின் நடுக்கோடு வரை அடிநிலம் சொந்தம் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பொதுவான அனுமானம். ஓடும் தண்ணீர் மட்டும் ஒருவருக்கும் சொந்தமில்லை. எல்லோருக்கும் ஒவ்வொரு துண்டு நிலம் உண்டு. ஆறு என்று முழுதாக எவருடைய உறுதியிலும் இல்லை. அப்படியானால் ஆற்றுக்கு நோய் வந்தால் அறிய வேண்டியவர் யார்?

2007 செப்ரெம்பரில் பெடிங்ரன் நிலையத்தில் வடிகட்டிகளைச் சுத்தம் செய்யப் பாவித்த சோடியம் ஹைப்போகுளோரைட் ஆற்றுக்குள் போய்விட்டது. வீட்டில் நாம் பாவிக்கும் பிளீச்சில் இருப்பதும் அதே சாமான்தான். கிலோமீற்றர் கணக்கான தூரத்துக்கு ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. தேம்ஸ் வோட்டர் கம்பனி குற்றத்தை ஒப்புக்கொண்டது. நீதிமன்றம் தண்டம் விதித்தது. ஆற்றை மீட்பதற்கென்று கம்பனி பணமும் கொடுத்தது. நஞ்சு விழுந்தது ஓர் எல்லைக்குள். செத்த மீன்கள் மிதந்து போனது இன்னோர் எல்லைக்குள். மீன் செத்தபடியால் அது எல்லோருக்கும் தெரிந்தது. மீன் சாகாத அளவில் நாளாந்தம் நடப்பது யாருக்குத் தெரியும்?

அதற்கு ஒரு விடையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மேர்ட்டன் அபே மில்ஸ் பக்கம் பிள்ளைகளோடு நடந்துபோனபோது கண்டோம். முழங்காலுக்கு மேல் றப்பர்ச் சப்பாத்துப் போட்ட மூன்று பேர் ஆற்றுக்குள் நின்றார்கள். ஒருவர் காலால் அடிமணலையும் கற்களையும் கிளறினார். மற்றவர் கீழே வலை பிடித்தார். மூன்றாமவர் நேரம் பார்த்தார். மூன்று நிமிடம் கிளறல், பிறகு ஒரு நிமிடம் கற்களைக் கையால் எடுத்துக் கழுவல். வலையில் வந்ததை வெள்ளைத் தட்டத்தில் கொட்டி எண்ணத் தொடங்கினார்கள். மணலையும் சிறு கல்லையும் ஒட்டித் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும் புழு, மூன்று வால் உள்ள மேபிளைக் குஞ்சு, எமது ஊர்க் கூனியைப் போல வளைந்து துள்ளும் நன்னீர் இறால் என்று எட்டு வகை. ஒன்பது வரை இருந்தால் ஒரு புள்ளி, தொண்ணூற்றொன்பது வரை இரண்டு, ஆயிரத்துக்குக் கீழே மூன்று, அதற்கு மேலே நான்கு. எல்லாவற்றையும் கூட்டினால் அந்த இடத்தின் அந்த மாதக் கணக்கு.

இந்த முறை 2007 முதல் பிரித்தானியா முழுவதும் பரவியிருக்கிறது. செய்பவர்கள் ஒரு நாள் பயிற்சி பெற்ற தொண்டர்கள். பூச்சியை ஏன் எண்ண வேண்டும் என்று கேட்டோம். தட்டத்துக்கு முன்னால் குந்தியிருந்த வயதான அம்மா சொன்ன விளக்கம் எளிமையானது. போத்தலில் தண்ணீரைப் பிடித்துச் சோதித்தால் அந்த நிமிடத்துத் தண்ணீர் மட்டும்தான் தெரியும். நஞ்சு இரவு இரண்டு மணிக்கு வந்து விடிவதற்குள் போய்விட்டால் போத்தல் ஒன்றும் சொல்லாது. பூச்சிகள் மாதக்கணக்காக அந்தக் கல்லின் கீழேயே இருப்பவை. நேற்று இரவு நடந்ததற்கும் அவை சாட்சி. ஒவ்வோர் இடத்துக்கும் இவ்வளவு புள்ளிக்குக் கீழே போகக்கூடாது என்று சுற்றாடல் முகவரகம் முன்கூட்டியே ஒரு கோடு கீறி வைத்திருக்கிறது. கணக்கு அதற்குக் கீழே இறங்கினால் உடனே அறிவிக்க வேண்டும். அவர்கள் வந்து பார்க்க வேண்டும்.

மேலே சட்டனில் நிற்பவருக்கும் கீழே வோன்ட்ஸ்வேர்த்தில் நிற்பவருக்கும் அதே வலை, அதே மூன்று நிமிடம், அதே எட்டு வகை. பூச்சிக்குக் கவுன்சில் கிடையாது.

இதை ஆங்கிலத்தில் மொனிற்றறிங் என்கிறார்கள். தமிழில் கண்காணிப்பு என்போம். அந்தச் சொல்லைச் சொன்னதும் எமக்கு ஒரு கூச்சம் வருகிறது. கண்காணி என்ற சொல்தான் மலையகத்தில் கங்காணி ஆனது. ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து, தோட்டத்தில் தலைகளை எண்ணி, எண்ணிய தலைகளுக்கேற்பக் காசு பெற்றவர் அவர். எண்ணியது அவர்களுடைய நன்மைக்காகவல்ல. பிறகு 2002இல் போர்நிறுத்தம் வந்தபோது நோர்டிக் நாடுகளிலிருந்து கண்காணிப்புக் குழு வந்தது. வெள்ளை வாகனங்களில் கொடி கட்டிக்கொண்டு வந்தார்கள், முறைப்பாடுகளைப் பதிந்தார்கள், மீறல்களைக் கணக்கெடுத்தார்கள். தடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கவில்லை. 2008 ஜனவரியில் உடன்படிக்கை முடிந்ததும் போய்விட்டார்கள். இவற்றுக்கு வெளியே எமக்குத் தெரிந்த கண்காணிப்பு காவலரணில் இருந்தது. அங்கே பார்க்கப்பட்டவர்கள் நாங்கள்.

ஆனால் தமிழில் இன்னொரு சொல் இருக்கிறது. வேலைக்குப் போகும் தாய் அயல் வீட்டு அக்காவிடம் 'பிள்ளையை ஒருக்காப் பார்த்துக்கொள்ளுங்கோ' என்கிறாள். அதற்குக் கண்ணால் பார்த்திரு என்றும் பொருள். விழுந்தால் தூக்கு, அழுதால் பால் கொடு என்றும் பொருள். பார்ப்பதும் பராமரிப்பதும் அங்கே இரண்டு வேலையல்ல. கண்காணிப்பு எப்போது பார்த்துக்கொள்ளுதலாக மாறுகிறது என்பதே எமது கேள்வி.

ஊரில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் நிலத்தின் எல்லைகளைச் சொன்ன பிறகு, கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் பாத்தியதையும் என்று ஒரு வாசகம் வரும். கிணறு இருப்பது ஒருவருடைய காணியில். ஆனால் நாலு பேருக்கு அதில் பங்கு. ஆளுக்கொரு முறை வைத்து இறைப்பார்கள். வாய்க்கால் அடுத்தவன் தோட்டத்துக்குள்ளால் போகும். அவன் அதை மறிக்க முடியாது. வேலிக் கதியாலை ஓரடி அரக்கி வைத்ததற்காகத் தலைமுறையாகப் பேச்சுவார்த்தையில்லாத சகோதரர்கள்கூட, கிணறு கலக்கி இறைக்கும் நாளில் வந்து சேறு அள்ளுவார்கள். அன்பினால் அல்ல; தண்ணீர் வேலிக்குக் கீழால் ஓடுகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இதை இலட்சியமாக்கவும் நாம் விரும்பவில்லை. சாதியின் பெயரால் அந்தக் கிணறுகளில் வாளி வைக்க விடப்படாதவர்கள் இருந்தார்கள். தண்ணீர் பொதுவென்று அறிந்திருந்த அதே சமூகம்தான் அவர்களை வேலிக்கு வெளியே நிறுத்தியது.

அந்த நிலத்துக்கு என்ன நடந்தது என்பதையும் பார்த்தோம். 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்திலும் அயலிலும் கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பது பெரும் பிரச்சினையானது. மின்நிலையத்தின் கழிவெண்ணெய்தான் காரணம் என்று மக்கள் சொன்னார்கள். அது சுண்ணாம்புக்கல் பூமி. ஒரு காணியில் ஊற்றியது பத்துக் காணி தாண்டிக் கிணற்றில் வரும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் சோதனை, பல கிணறுகளில் எண்ணெய் அளவுக்கு மேல் உண்டு என்றது. மாகாண சபை அமைத்த நிபுணர் குழு ஆபத்தில்லை என்றது. சனங்கள் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு எதை நம்புவதென்று தெரியாமல் நின்றார்கள். 2019 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம் மின்நிலையக் கம்பனி 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதுவரை அந்தத் தண்ணீரோடுதான் குடும்பங்கள் சீவித்தன.

இவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எமக்கு ஒன்று தெளிவாகிறது. சுன்னாகத்தில் பார்த்தவர்கள் பலர். ஒரே அளவுகோல் இருக்கவில்லை. போர்நிறுத்தக் காலத்தில் அளவுகோல் இருந்தது. எண்ணிக்கை இவ்வளவைத் தாண்டினால் இன்னார் இன்னதைச் செய்தே ஆகவேண்டும் என்ற கோடு இருக்கவில்லை. கங்காணியிடம் இரண்டும் இருந்தன; ஆனால் அவர் எண்ணிய கணக்கில் அவர் இல்லை. எண்ணுபவனும் கணக்குக்குள் வரவேண்டும். இந்த மூன்றாவதுதான் கடினமானது. அதை எமக்குக் காட்டியதும் அதே ஆறுதான்.

தட்டத்தை ஆற்றில் கவிழ்த்துப் பூச்சிகளைத் திரும்ப விட்ட பிறகு, அந்த அம்மா கரையில் ஒரு குழாயைக் காட்டினார். அதன் வாயில் சாம்பல் நிறத்தில் பஞ்சு போல ஏதோ வளர்ந்திருந்தது. சனி, ஞாயிறுகளில் நுரையும் சவர்க்கார மணமும் கூடுதலாக வருமாம். எந்தத் தெருக்களின் மழைத்தண்ணீர் அந்தக் குழாயில் வந்து சேருகிறது என்று சொன்னார். அதில் எமது தெருவும் இருந்தது.

நகரின் நடுவே பழைய பகுதிகளில் மழைத்தண்ணீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகின்றன. எமது பக்கத்தில் இரண்டும் வேறு வேறு. கழிவுக் குழாய் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. மழைக் குழாய் நேரே ஆற்றுக்கு. சில இடங்களில் றோட்டு வடிகால் மூடிகளுக்குப் பக்கத்தில் மஞ்சள் மீன் படம் கீறியிருப்பது இதைச் சொல்லத்தான். வீட்டுக்குப் போய்ப் பின்பக்கம் மழைத்தண்ணீர் இறங்கும் இடத்தின் மூடியைத் தூக்கிவிட்டு, வோஷிங் மெஷினைப் போட்டோம். சில நிமிடத்தில் நுரை வந்தது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னர் பின்னால் எக்ஸ்ரென்ஷன் கட்டியபோது சமையலறையையும் மெஷினையும் அங்கே மாற்றினோம். கட்டியவர் எமது ஆள். மலிவாகச் செய்து தந்தார். கிட்ட இருந்த குழாயில் பொருத்திவிட்டுப் போயிருக்கிறார். பன்னிரண்டு வருடமாக அரிசி கழுவிய தண்ணீரும் கறிச்சட்டி கழுவிய எண்ணெயும் உடுப்புச் சவர்க்காரமும் நேரே ஆற்றுக்குப் போயிருக்கின்றன. கம்பனியைத் திட்டிய வாயோடு மூடிக்கு முன்னால் நின்றோம். எமது பங்கு சிறியது என்று சொல்லிக்கொள்ளலாம். நாலாயிரம் வீடும் அப்படித்தான் சொல்லும்.

திருத்துவது பெரிய காரியமல்ல. பிளம்பர் வந்தார், ஒரு நாள் வேலை, காசு போனது. ஆனால் விடயம் அத்தோடு முடியவில்லை. அதே தெருவில் இன்னும் மூன்று வீடுகளுக்கு அதே ஆள்தான் கட்டிக் கொடுத்திருந்தார். மூன்றும் எமது சனம். சட்டப்படி தண்ணீர்க் கம்பனி சாயம் விட்டுப் பார்த்து எந்த வீடு என்று கண்டுபிடிக்கும். திருத்தாத வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் கவுன்சிலுக்கு உண்டு. நாம் அறிவிக்க வேண்டுமா?

வேறொரு சமூகத்துக்கு இது ஒரு ரெலிபோன் அழைப்பு. எமக்கு இந்த இடத்தில் நெஞ்சு இறுகுகிறது. முகத்தை மூடிக்கொண்டு ஜீப்பில் இருந்து தலையாட்டியவர்களால் எத்தனை வீடுகளில் பிள்ளைகள் இல்லாமற் போனார்கள் என்பது எமக்குத் தெரியும். காட்டிக்கொடுத்தல் என்ற சொல் எமக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறதென்றால், பிழையைக் காட்டுவதும் ஆளைக் காட்டிக்கொடுப்பதும் ஒன்றுபோலவே தெரிகின்றன. அந்த அச்சத்தை இலேசானதென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அந்த அச்சத்தின் மறைவில் எத்தனை பிழைகள் எமக்குள்ளே பத்திரமாக இருக்கின்றன என்பதையும் ஒருநாள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலில் மூன்று வீட்டுக்கும் போனோம். ஒரு வீட்டில் தேத்தண்ணி தந்து, எமது பிளம்பரின் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வீட்டு அக்கா, 'எங்கட ஊரே போட்டுது, இஞ்சத்தை ஆத்தைப் பற்றி ஏன் பிள்ளையள் கவலைப்படுறியள்?' என்று கேட்டார். அது பகிடியல்ல. ஊரில் அவருடைய காணி 1990 முதல் பல வருடம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. திரும்பக் கிடைத்தபோது கிணறு தூர்ந்திருந்தது. எம்மிடம் நல்ல பதில் இருக்கவில்லை. 'அக்கா, அங்கை எங்களைப் பார்க்க விடேல்லை. இஞ்சை பார்க்கலாம்' என்று மட்டும் சொன்னோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு அந்த வீட்டு வாசலில் பிளம்பரின் வான் நின்றது.

மூன்றாவது வீட்டில், தாம் வாடகைக்கு இருப்பதாகவும் வீட்டுக்காரரிடம் சொன்னால் எழும்பச் சொல்லிவிடுவார் என்றும் சொன்னார்கள். அதுவும் உண்மைதான். கண்காணிப்பின் பாரம் எப்போதும் மிகத் தாழ்ந்த இடத்தில் இருப்பவர் மேலே வந்து விழும். ஞாயிற்றுக்கிழமையில் ஆற்றுக்குள் நின்று பூச்சி எண்ணக்கூடியவர் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு உள்ளவர். எம்மில் எத்தனை பேர் பெற்றோல் நிலையத்தில் அந்த நாளைக் கழிக்கிறோம்! 2010க்குப் பிறகு சுற்றாடல் முகவரகத்துக்கான அரச பணம் வெட்டப்பட்டது என்பதும், தொண்டர்களின் வலை ஓர் அளவுக்கு அந்த ஓட்டையை மூடுகிறது என்பதும் மறைக்க வேண்டிய விடயங்களல்ல. அரசு செய்ய வேண்டியதைச் சனங்கள் இலவசமாகச் செய்தால் அரசு நன்றி சொல்லிவிட்டு இன்னும் வெட்டும். இதற்காக எண்ணுவதை நிறுத்த வேண்டும் என்று நாம் நினைக்கவில்லை. எண்ணிய கணக்கை வைத்தே கேட்க வேண்டும். கணக்கில்லாதவனின் முறைப்பாட்டைக் கம்பனியும் கேட்காது, கவுன்சிலும் கேட்காது.

முடிவில் நாம் ரெலிபோன் எடுத்தோம். எந்த வீட்டின் பெயரையும் சொல்லவில்லை. ஆற்றங்கரையில் இந்த இடத்தில் இப்படி ஒரு குழாய்வாய் இருக்கிறது, இன்ன நாட்களில் நுரை வருகிறது என்றோம். இந்தக் குழாயில் பன்னிரண்டு வருடம் எமது வீட்டுத் தண்ணீரும் வந்தது, இப்போது திருத்திவிட்டோம் என்று எமது விலாசத்தையும் கொடுத்தோம். மறுமுனையில் இருந்த பெண் சற்று நேரம் பேசவில்லை. பிறகு விலாசத்தை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார்.

இது சரியான முடிவா என்று எமக்கு முழு நிச்சயமில்லை. அந்த வாடகை வீட்டுக்குக் கடிதம் வந்தால், வீட்டுக்காரரிடம் பேசும்போது நாமும் கூடப் போவதாகச் சொல்லியிருக்கிறோம். அப்படிப் போகாவிட்டால் நாம் செய்தது காட்டிக்கொடுத்தல்தான்.

இந்த நாட்டில் எமக்கு உறுதி எழுதிய காணி சிறியது, பலருக்கு அதுவுமில்லை. ஆற்றின் நடுக்கோடு வரை உரிமை கொண்டாட எவராலும் முடியாது. ஆனால் எமது தண்ணீர் அதற்குள் போகிறது. ஊர் வழக்கத்தின்படி பார்த்தால் வழி வாய்க்காலில் பாத்தியதை உள்ளவனுக்குச் சேறு அள்ளும் நாளில் வேலையும் உண்டு.

அடுத்த மாத எண்ணிக்கைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். றப்பர்ச் சப்பாத்து அவர்களே தருவார்களாம்.